தாய்மாமனைக் கரைத்த லென்ஸ்

கொம்பையா பொய் சொல்கிறார் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வந்துவிடுவேன். பொய்க்கு ஒரு அளவு உண்டு. அவர் சொல்வதற்கெல்லாம் பொய் என்று பேர் வைத்தால் பொய்க்கே ரோஷம் வந்துவிடும்.

கயத்தாறில் ‘கொம்பையா டிஜிட்டல்ஸ்’ என்று ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறார். என் தங்கச்சி மாரிக்கனியின் மகனுக்கு, அதாவது என் மருமகனுக்கு, சாஸ்தா கோயிலில் காதுகுத்து. படம் எடுக்க வந்தவர் அவர்தான். கழுத்தில் பெரிய கேமரா, தோளில் ஒரு பை, இடுப்பில் ஒரு பை, கையில் முக்காலி என்று வந்து இறங்கினார். நான் கொண்டுபோன சீரைவிட அவர் கொண்டுவந்த சாமான் அதிகம்.

அந்தக் காதுகுத்து எனக்குச் சாதாரண விஷயமில்லை. தங்கச்சி வளைகாப்புக்கு மாப்பிள்ளை பரமசிவம் நேரில் வந்து அழைக்காமல் போனில் சொன்னார். நான் போகவில்லை. போகாததற்கு அவர் கோபித்துக்கொண்டார். அதோடு பேச்சு நின்றுபோனது. பிள்ளை பிறந்ததையே வேற்றாள் சொல்லித்தான் கேட்டேன். காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டுமே, அதற்காக வாசலுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். பிள்ளையை மடியில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு படம் தங்கச்சி வீட்டு நடுவீட்டில் தொங்கினால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தேன்.

ஆல்பம் போடுமுன் படங்களைப் பார்க்க வரச் சொன்னார் கொம்பையா. தங்கச்சி, மாப்பிள்ளை, பிள்ளை, நான் எல்லோரும் போனோம். மாப்பிள்ளைக்கும் எனக்கும் இன்னும் ‘வாங்க’, ‘சாப்பிட்டாச்சா’வுக்கு மேல் பேச்சு வளரவில்லை.

கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் காட்டினார். சீர் வரும் படம். தேங்காயின் நார் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம்போலத் தெரிந்தது. தேங்காயைச் சுமந்துவந்தவன் தெரியவில்லை. அடுத்தது காது குத்தும் படம். பிள்ளையின் காது பளிச்சென்று இருந்தது. ஆசாரியின் ஊசி நுனி மின்னியது. அதற்குப் பின்னால் பாலில் மஞ்சள் கலந்ததுபோல ஒரு மேகம். அன்றைக்கு நான் போட்டிருந்த பட்டுச்சட்டையின் நிறம் அது.

“இதுல நான் எங்கவே?” என்று கேட்டேன்.

“அண்ணாச்சி, இது அம்பது எம்.எம். லென்ஸ். பின்னாடி இருக்கதையெல்லாம் அப்படியே கரைச்சிரும்.”

“நான் பின்னாடி இருந்த ஆளாவே? பிள்ளையே எம் மடியிலதாம்வே இருக்கு!”

வேறு ஆளாக இருந்தால் தலையைச் சொறிந்திருப்பார். கொம்பையா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“லென்ஸோட சக்தி ஒங்களுக்குத் தெரியல அண்ணாச்சி. போன வருசம் ஒரு வீட்டுல பொண்ணு பாக்க வந்தாங்க. வீட்டுக்குப் பின்னாடி பெரிய சாக்கடை. பொண்ணைச் சாக்கடைப் பக்கமா நிக்கவச்சு இந்த லென்ஸுல ஒரே ஒரு படம் எடுத்தேன். சாக்கடை கரைஞ்சு போச்சு.”

“படத்துல.”

“நெசத்துல அண்ணாச்சி! இப்ப அந்த எடத்துல பிளாட் போட்டு விக்கான்.”

நல்லவேளை, கோயிலிலிருந்து நான் கரையாமல் உயிரோடு திரும்பி வந்தேன் என்று என் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“அந்த வெளிச்சத்தைப் பாத்தீங்களா?” என்று மேசையிலிருந்த பிளாஷை எடுத்துத் தடவினார். “இதை லேசா நெனைக்கக் கூடாது. கார்த்திகை மாச அடைமழையில எங்க தெருவுல அத்தனை பேரும் வடகத்தைப் பிழிஞ்சிட்டு வெயிலுக்கு ஏங்கிட்டு நின்னாங்க. மொட்டமாடியில ஏறி ஒரு பிளாஷ் அடிச்சேம் பாருங்க. வடகம் மொறுமொறுன்னு காஞ்சிட்டு. ரெண்டாவது தடவை தெரியாம கை பட்டுட்டு. பொரிஞ்சே போச்சு.”

மாரிக்கனி பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். “எண்ணெய் இல்லாமலா அண்ணாச்சி?”

“ஒரு சொட்டு இல்ல மைனி. ஒடம்புக்கு நல்லது.”

“அம்புட்டு வெளிச்சம் இருந்தும் எங்கண்ணன் மூஞ்சி தெரியலயே.”

கொம்பையாவுக்கு அது காதில் விழவில்லை. அவர் ஷட்டருக்குப் போய்விட்டார். “இதோட வேகம் கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள ஆயிரம் தடவை. நம்மூருக் காத்தாடி சுத்துதுல்லா, காத்துல கரண்டு எடுக்கது? அதைக் குறிவச்சு அமுக்குனேன். ரெக்கை டக்குனு நின்னுட்டு. கம்பெனிக்காரன் ஓடி வாரான். ஏணி போட்டு ஏறுதான், எண்ணெய் விடுதான், தேங்கா ஒடைக்கான். அசையல. கடைசியில என்கிட்ட வந்து, ‘அண்ணாச்சி, நீங்க பிடிச்சு வச்சதை நீங்களே விடுங்க’ன்னு கும்பிடுதான். மறுபடி அமுக்குனேன். சுத்த ஆரம்பிச்சிட்டு.”

“அப்போ எம் மூஞ்சியையும் மறுபடி அமுக்கி விடுமே!” என்றேன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவர் சிரித்தார். நான் ரசித்துச் சொன்னதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

“சூம் லென்ஸைப் பத்திச் சொல்லல பாத்தீங்களா. கழுகுமலையில தேரு. எனக்குப் போக நேரமில்ல. இந்தா, இந்த வாசல்ல நின்னுதான் சூமைத் திருகுனேன். திருகத் திருக தேரு கிட்ட வந்துட்டு. வடம் இழுக்கவன் வேர்வை தெரியுது. இன்னும் கொஞ்சம் திருகுனேன். கூட்டத்துல எவனோ எங் காலை மிதிச்சிட்டான்.”

மாரிக்கனி குனிந்து அவர் காலைப் பார்த்தாள்.

“நம்பலயா? இந்தா, நகம் பேந்துட்டு” என்று செருப்பைக் கழற்றிக் கட்டைவிரலைக் காட்டினார். நகம் உண்மையிலேயே பெயர்ந்துதான் இருந்தது. காதுகுத்து அன்று அவரே தன் காலில் முக்காலியைப் போட்டுக்கொண்டதை நாங்கள் மூன்று பேரும் பார்த்திருந்தோம்.

பிள்ளை அழ ஆரம்பித்தது. எனக்கும் அழுகைதான் வந்தது, வயது தடுத்தது. அடுத்த வாரம் ஆல்பத்தைச் சொந்தக்காரர்கள் புரட்டுவார்கள். தாய்மாமன் எங்கே என்று கேட்பார்கள். இந்த மேகந்தான் என்று தங்கச்சி விரலை வைத்துக் காட்டவேண்டும். ஏற்கெனவே வளைகாப்புக்கு வராதவன். இதுக்கும் வரவில்லை என்றுதான் ஊர் முடிவு கட்டும்.

கொம்பையா கேமராவின் வயிற்றைத் திறந்து மெமரி கார்டை எடுத்தார். “இது நகத்தளவுதான். நாலு தலைமுறையை உள்ள போடலாம். ஒங்களுக்கு அடுத்துப் பிறக்கப்போற பிள்ளையோட காதுகுத்துப் படம் இப்பவே இதுல கெடக்கு மைனி.”

“அதுலயாவது எங்கண்ணன் தெரியுதானா?” என்றாள் மாரிக்கனி.

அதற்குப் பிறகுதான் கொம்பையா குரலைத் தாழ்த்தினார். குரல் தாழ்ந்தால் பெரிய சரக்கு வரப்போகிறது என்று அர்த்தம்.

“ஒரு ரகசியம் சொல்லுதேன், வெளிய சொல்லாதீங்க. இது ஆட்டோ போக்கஸ். மூஞ்சியைப் பாக்காது, மனசைப் பாக்கும். மனசுல கொஞ்சம் வருத்தம், கோவம் இருந்தாலும் லென்ஸு அந்த ஆளை ஏத்துக்கிடாது. ஒங்களுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சில்லன்னு ஊருக்கே தெரியும். எனக்குச் சொல்ல வாய் வரல. கேமராவுக்கு மறைக்கத் தெரியல.”

எனக்குச் சுருக்கென்றது. சாக்கடை கரைந்ததும் வடகம் பொரிந்ததும் அவர் பாடு. இது என் பாடு. பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

மாப்பிள்ளைதான் பேசினார். அவ்வளவு நேரமும் அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொம்பையா, பந்திப் படத்தைப் போடும்.”

போட்டார். மாப்பிள்ளை அப்பளம் நொறுக்கும் படம். மீசையில் ஒட்டியிருந்த துணுக்குக்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

“எங்க மச்சான் சங்கடப்பட்டாரு, அவ்வளவுதான். போன்ல கூப்பிட்டா எவனுக்கும் அப்படித்தான் இருக்கும். மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்சவன் நானு. கோவக்காரன் நாந்தாம்வே. நான் எப்படிவே இம்புட்டுத் தெளிவா விழுந்தேன்?”

அவர் இதைக் கொம்பையாவிடம்தான் கேட்டார். ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னார். படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி, கிடைத்தால் நன்றாக இருக்குமே என்றும் தோன்றியது.

கொம்பையா பந்திப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கூரையிலும் ஒன்றும் அகப்படவில்லை.

“அண்ணாச்சி” என்றார், “இந்த லென்ஸு புதுசு. மாட்டத் தெரிஞ்சிது. கழத்தத் தெரியல. கிட்டத்துல நின்னு எடுத்தா இப்படித்தான் ஆவுதுன்னு அப்புறந்தான் பக்கத்துக் கடைக்காரன் சொன்னான்.”

“அப்போ தேரு?” என்றாள் தங்கச்சி.

“சூம் லென்ஸு இன்னும் வாங்கல மைனி.”

நான் நினைத்தேன், மனுஷன் உடைந்துவிட்டார் என்று. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் பழைய கொம்பையாவாக எழுந்துவிட்டார்.

“ஒண்ணும் கவலைப்படாதீங்க! அதே கோயிலு, அதே ஆசாரி, அதே பட்டுச்சட்டை. நாளைக்கே திரும்ப நடத்துவோம். அண்ணாச்சி மடியில ஒக்காரவச்சு, ஊசி காதுல ஏறுதப்போ, தூரத்துல நின்னு ஒரு படம் எடுக்கேன் பாருங்க. உலகத்துலயே அப்படி ஒரு தாய்மாமன் படம் இருக்காது!”

மாரிக்கனி பிள்ளையைத் தூக்கி அதன் அப்பாவிடம் கொடுத்தாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். மேசையிலிருந்த கேமராவை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என்னைச் சுவரோரமாக நாற்காலியில் உட்காரச் சொன்னாள். பிறகு கொம்பையாவைப் பார்த்து ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்:

“எம் பிள்ளைக்கு ரெண்டு காதுலயும் குத்தியாச்சு அண்ணாச்சி. ஒங்க காது ரெண்டும் சும்மாதான கெடக்கு? வந்து எங்கண்ணன் மடியில ஒக்காருங்க.”