குளவிக்கூட்டின் வெளிப்பக்கம்

"டீச்சர், ஒரு குளவிக்கூட்டுக்காகப் பொண்டாட்டி புருஷனோட பேசாம இருப்பாளா?"

வைரவன் வந்ததும் வராததுமாகக் கேட்டான். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

செங்கமலம் தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வந்து உட்காருங்க," என்றாள்.

அவள் பூச்சிகளை வரையக் கற்றுக்கொடுப்பவள். வைரவனைவிட ஆறேழு வயது சின்னவள். ஆனாலும் அவள் முன்னால் அவன் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவான். அவளிடம் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி. அவரவர் வீட்டுக் கொல்லைக்கு வருவதைத்தான் வரைய வேண்டும். காடு மேடெல்லாம் அலைந்து ஏதாவது அதிசயப் பூச்சியை வரைந்துகொண்டு போனால், படத்தைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

வைரவன் சர்வேயர். ஊரார் நிலத்தை அளந்து அளந்து, எறும்பின் காலைக்கூட அளக்காமல் வரையமாட்டான்.

"எத்தனை நாளாப் பேசல?"

"போன வெள்ளிக்கிழமையிலேர்ந்து. சோறு வைக்கிறா, தண்ணி வைக்கிறா. வாயை மட்டும் திறக்க மாட்டேங்குறா."

"படம் எங்க?"

அவன் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

நெடுக்காகப் பிளந்த ஒரு மண்கூடு. உள்ளே ஒரு அறையில், குளவி கொட்டியதில் மயங்கிக் கிடக்கும் பச்சைப் புழுக்கள். அவற்றுக்கு மேலே, அறையின் கூரையிலிருந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு நூலில் தொங்கும் முட்டை.

"எங்க கொல்லைக் கதவு நிலையில கட்டியிருந்துச்சு டீச்சர். குளவி வெளிய போன நேரம் பார்த்து, பேத்தெடுத்து, பிளேடால ஒரே கீறல். உள்ள எல்லாம் உசுரோட. அந்த முட்டையைப் பாருங்க. தொட்டில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இல்ல?"

செங்கமலம் வெகுநேரம் பார்த்தாள்.

"இப்படி ஒரு படம் என்னால போட முடியாது," என்றாள்.

அவள் யாரையும் பாராட்டியதாக அந்த ஊரில் பேச்சே கிடையாது. வைரவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"குளவி திரும்பி வந்துச்சா?"

"வந்துச்சு. ஒரு புழுவைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. கூடு இருந்த இடத்தையே சுத்திச் சுத்திப் பறந்துச்சு. அப்புறம் புழுவைக் கீழ போட்டுட்டுப் போயிருச்சு."

சொல்லும்போதே அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

"உங்க வீட்டம்மா படத்தைப் பார்த்தாங்களா?"

"ஆசையாத்தான் எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். தொட்டில் மாதிரி இருக்கு பாருன்னேன். கையில இருந்த முறத்தை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா."

செங்கமலம் படத்தை மேசைமேல் வைத்தாள்.

வைரவனுக்கும் தெய்வானைக்கும் கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம். குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. அது செங்கமலத்துக்கும் தெரியும்.

"வீட்ல குளவி கூடு கட்டினா பிள்ளை உண்டாகும்பாங்க," அவனே சொன்னான். "எனக்கும் தெரியும் டீச்சர். ஆனா அதெல்லாம் எப்பவோ சொல்லிவச்சது. அவளும் நம்பாதவ மாதிரிதான் இருந்தா. ஒரு வார்த்தை சொல்லல."

செங்கமலம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"கூட்டை வரைங்க."

"அதான் வரைஞ்சாச்சே."

"உடைக்கிறதுக்கு முன்னாடி இருந்த கூட்டை."

வைரவன் சிரித்தான். "அது வெறும் மண்ணு டீச்சர். அதுல என்ன இருக்கு?"

பென்சிலை எடுத்தான். ஒரு கோடு போட்டான். நிறுத்தினான்.

மேடு மூன்றா, நாலா? வாய் மேலே பார்த்திருந்ததா, பக்கவாட்டிலா? உள்ளே பார்க்கிற அவசரத்தில் அவன் வெளியே பார்க்கவே இல்லை. அளக்கவும் இல்லை.

"ஞாபகம் இல்ல."

"பார்த்தவங்ககிட்ட கேட்டு வரைஞ்சுட்டு வாங்க."

"அதைப் போய் யார் பார்த்திருப்பா?"

செங்கமலம் தூரிகையை உதறினாள்.

"கொல்லைக்கு எந்த வழியாப் போவீங்க?"

"கதவு வழியாத்தான்."

"உங்க வீட்டம்மா?"

வைரவன் கொஞ்சம் யோசித்தான்.

"அவ கொஞ்ச நாளாப் பக்கத்துச் சந்து வழியா சுத்திப் போறா. ஏன்னு தெரியல. கதவை மெள்ள சாத்துங்கன்னு ரெண்டு மூணு தரம் சொன்னா. கீல் சத்தம் போடுதுபோலன்னு எண்ணெய் விட்டேன்."

சொல்லி முடித்தவன் தலையைத் தூக்கவில்லை.

"படம் இங்கயே இருக்கட்டும்," என்றாள் செங்கமலம். "நீங்க கிளம்புங்க."

வீடு திரும்பிய வைரவன் வாசல் வழியாக உள்ளே போகவில்லை. சந்துக்குள் நுழைந்தான்.

ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அகலம்தான். பக்கத்து வீட்டுக் காகிதப்பூச் செடி சுவர் தாண்டி இந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது. அத்தனையும் முள். சுமையில்லாமல் வந்தவனுக்கே முழங்கையில் ரத்தம் கசிந்தது. அவள் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்வந்திருக்கிறாள்.

அவள் கையில் அந்தக் கீறல்களை அவன் பார்த்திருக்கிறான். பூனை பிறாண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கேட்கவில்லை. வெட்டுக்கிளியின் காலில் முள் எங்கெங்கே இருக்கிறது என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவான்.

தெய்வானை கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் சந்து வழியாக வருவதைப் பார்த்தாள். கை நின்றது. பிறகு மறுபடி உருவ ஆரம்பித்தாள்.

அவன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான்.

"தெய்வானை, கூடு எப்படி இருந்துச்சு? நான் சரியாப் பார்க்கல."

கீரை முடிந்தது. காம்புகளைப் பொறுக்கி ஒதுக்கினாள். அதுவும் முடிந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

"அதான் உள்ள வரைக்கும் கிழிச்சுப் பார்த்தீங்களே," என்றாள் கடைசியில்.

"கிழிச்சது தப்பு. அதைக் கொண்டாந்து உன் முகத்துக்கு நேரா நீட்டினது அதைவிடத் தப்பு. அந்தத் தொட்டில்ங்கிற வார்த்தையை நான் உன்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது."

தெய்வானை கதவு நிலையைப் பார்த்தாள். மண் ஒட்டியிருந்த தடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"நாலு அறை," என்றாள்.

அவன் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மூணு அறையை மூடியாச்சு. நாலாவதுக்கு வாய் திறந்திருந்துச்சு. சொம்பு வாய் மாதிரி, விளிம்பு வெளிய மடிஞ்சு."

வரைந்தான்.

"அவ்வளவு பெரிசு இல்ல."

அழித்தான். மறுபடி வரைந்தான்.

"முதல் அறை மட்டும் செம்மண்ணு. மத்த மூணும் கறுப்பு."

"ஏன் அப்படி?"

"முதல்ல எங்கேர்ந்தோ கொண்டாந்துச்சு. அப்புறம் இந்த வெயில்ல ஈரமண்ணு எங்க கிடைக்கும்? வந்து வந்து வெறுமன திரும்பிப் போச்சு. பார்க்கப் பாவமா இருந்துச்சு. நீங்க உட்கார்ந்திருக்கிற கல்லடியில தினம் ஒரு சொம்பு தண்ணி ஊத்தி வச்சேன். அதுக்கப்புறம் இந்தக் கறுப்பு மண்ணு."

வைரவன் குனிந்து கல்லடியைப் பார்த்தான். மண் காய்ந்து வெடித்திருந்தது. பென்சில் அதற்குமேல் ஓடவில்லை.

"வரைங்க," என்றாள் தெய்வானை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

அவன் வரைந்தான். அவள் கிட்டே வந்து நின்று திருத்தினாள். பொழுது சாயும்வரை அழிப்பதும் வரைவதுமாக இருந்தார்கள்.

"நீங்க திறந்தப்போ அந்த முட்டை உசுரோடதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு சந்து வழியாக உள்ளே போனாள்.

மறு வாரம் வைரவன் படத்தைச் செங்கமலத்திடம் கொடுத்தான். அழித்து அழித்துத் தாளே நைந்துபோயிருந்தது. ஒரு கதவு நிலையில் நாலு மண் மேடு. பார்க்க அழகாக ஒன்றுமில்லை.

முதல் படத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் அவள் அதைப் பார்த்தாள். பாராட்டவில்லை.

"மண்ணு ரெண்டு நிறமா இருக்கு."

"ஆமா டீச்சர்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை.

"பழைய படத்தை எடுத்துட்டுப் போறீங்களா?"

"வேண்டாம்."

"குளவி வந்துச்சா?"

"வரல. தண்ணி ஊத்தி வைக்கிறோம். இன்னும் வரல."

படத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கீறல். சில ஆறியிருந்தன. சில அன்று காலையில் பட்டவை.

செங்கமலம் அந்தக் கையைப் பார்த்தாள்.

"கதவு?"

"சாத்தியே கெடக்கு டீச்சர். ரெண்டு பேரும் சந்து வழியாத்தான் போறோம்."