வயிற்றை உப்பிக்கொண்ட குதிரை

மலையடிக் காட்டில் செவலை என்றொரு குதிரை இருந்தது. அதே காட்டில் ஒரு மந்தி வைத்தியம் பார்த்துவந்தது. செவலையின் முதுகில் ஏறித்தான் அது நோயாளிகளுக்குப் பச்சிலை கொண்டுபோகும்.

புறப்படும் முன் மந்தி படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்துக் கல்லைத் தட்டும். முதுகைத் தடவி முள் தேடும். கோரைப்புல் சேணத்தைச் சுருக்கமில்லாமல் போடும். தன் வாலைக்கூடச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்ளும். கடைசியில் சேணம் நகராமலிருக்க, நார்ப்பட்டையைக் குதிரையின் வயிற்றைச் சுற்றி இழுத்துக் கட்டும்.

அந்தப் பட்டைதான் செவலைக்குப் பிடிக்காது. கட்டும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். கட்டி முடித்ததும் மூச்சை விடும். பட்டை தொளதொளவென்று ஆகிவிடும். மெதுவாக நடக்கிற நாட்களில் கெடுதல் ஒன்றும் வரவில்லை. செவலை தன் சாமர்த்தியத்தை நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்ளும்.

ஒருநாள் காலையில் காகம் பறந்து வந்தது.

"ஓடைக்கு அக்கரையில பெண்மானுக்குக் கடும் காய்ச்சல். கண்ணே திறக்கல. குட்டி பாலுக்குக் கத்துது. சீக்கிரம் வாங்க!"

மந்தி பட்டையை இழுத்தது. செவலை வழக்கம்போல் உப்பியது.

"இன்னிக்கு ஓடணும் செவலை. மூச்சை நல்லா விடு, இன்னொரு தரம் இழுக்கறேன்."

"விட்டாச்சு அக்கா. இதுக்கு மேல இழுத்தா என் உசுரே போயிடும்."

மந்தி நம்பியது. அதற்கு மேல் இழுக்கவில்லை.

செவலை பாய்ந்து ஓடியது. ஓடையில் இறங்கும் சரிவில் சேணம் அப்படியே புரண்டு வயிற்றுக்கடியில் போய்விட்டது. மந்தி பாறைமேல் விழுந்தது. வலது கை முறிந்தது. பச்சிலை மூட்டையைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது.

சத்தம் கேட்டு மிருகங்கள் கூடின.

"ஒரு பட்டையை ஒழுங்காக் கட்டத் தெரியாதா உனக்கு? மானுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கரடி சீறியது.

"நான்தான் சரியா இழுக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது," என்றது மந்தி.

செவலைக்கு உடம்பு கூசியது. அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இனிமே நீ குதிரை ஏற வேண்டாம்," என்றது கரடி. அணில் வேறு பச்சிலை பறித்து வந்தது. கீரி செவலைமேல் ஏறி அதைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. கரடி சேணத்தை நேராக்கிப் பட்டையை இழுத்தது. பழக்க தோஷம், செவலையின் வயிறு தானாக உப்பியது.

மந்தி அதைப் பார்த்துவிட்டது. வயிற்றைப் பார்த்தது. பிறகு செவலையின் முகத்தைப் பார்த்தது. கண்ணை எடுக்கவே இல்லை.

அந்தப் பார்வையைச் செவலையால் தாங்க முடியவில்லை. மூச்சு முழுவதையும் விட்டது.

"கரடியண்ணா, இப்ப இழுங்க."

கரடி இழுத்தது. பட்டை முழுதாக நாலு விரற்கடை உள்ளே வந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"தினமும் இப்படித்தான் ஏமாத்தினேன். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க கையை உடைச்சது நான்தான்," என்றது செவலை.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அதற்கு.

கீரி கொண்டுபோன பச்சிலையில் மான் பிழைத்துக்கொண்டது. மந்தியின் கை கூடியதே தவிர, நேராகவில்லை. அதன்பின் அதனால் கிளைக்குக் கிளை தாவ முடியவில்லை. ஆனாலும் மீண்டும் செவலைமேல்தான் ஏறியது.

"மூச்சு விட்டாச்சா?" என்று கேட்கும்.

"விட்டாச்சு அக்கா."

செவலை உண்மையாகவே விட்டிருக்கும். இருந்தாலும் மந்தி அந்தக் கோணல் கையால் இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் செவலை தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும்.

பாதுகாப்புக்காக இறுக்குகிற கையை ஏமாற்றினால், நம்மை நம்பி வருகிறவர்தான் கீழே விழுவார். போன நம்பிக்கையும் முன்போல் திரும்பி வராது.