கண்ணில் வைத்த பொட்டு

"என் பெட்டி தோத்துப்போச்சுங்க, டீச்சர்."

நஞ்சப்பன் கடை வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார். உள்ளே வரக்கூட வெட்கமாக இருந்தது.

ஆயுத பூஜை நாள். அந்தத் தெருவில் எல்லாக் கடைக்காரர்களும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டும் எஸ்தர் டீச்சரின் கடை மட்டும் திறந்திருந்தது.

எஸ்தர் டீச்சர் முன்பு ஐ.டி.ஐ.யில் மின்சாரப் பாடம் நடத்தியவர். நஞ்சப்பன் நூற்பாலையில் ஃபிட்டர், வயதில் டீச்சரைவிட நன்றாக மூத்தவர். மில் வேலை முடிந்ததும் இந்தக் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து பாடம் கேட்பார். நரைத்த மீசையோடு மாணவனாக இருப்பதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாத டீச்சர் மேல் அவ்வப்போது கோபம் மட்டும் வரும்.

இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்திருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் டீச்சர்.

"பூஜை முடிஞ்சு நல்ல நேரத்துல மிஷினெல்லாம் ஓட்டி விட்டாங்க. மத்ததெல்லாம் ஓடுச்சு. என் பெட்டி வெச்ச மிஷினு மட்டும் அசையவே இல்லீங்க."

"ஏன்?"

"அதோட கண்ணுல பொட்டு வெச்சுட்டாங்க."

டீச்சர் காயில் சுற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

அது என்ன பெட்டி, அதற்கு ஏது கண் என்று சொல்லிவிடுகிறேன். நூற்பாலைக்குள் பஞ்சு முதலில் போகிற இடத்துக்கு ப்ளோ ரூம் என்று பேர். அங்கே பெண்கள் பஞ்சை அள்ளி அள்ளி மிஷினின் வாயில் போடுவார்கள். உள்ளே முள் வைத்த உருளை ஒன்று சுழன்று அதைப் பிய்த்துப் போடும். பஞ்சுக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாத உருளை அது. வாயில் பஞ்சு அடைத்துக்கொண்டால் இழுத்துவிடக் கை தானாக உள்ளே போகும். யாரைச் சொல்லியும் குற்றமில்லை, பழக்கம் அப்படி.

நஞ்சப்பன் பெட்டி செய்தது அதற்காகத்தான். மிஷின் வாயின் இந்த ஓரத்தில் ஒரு விளக்கு, அந்த ஓரத்தில் ஒரு கண். பஞ்சு அடியில் போகும், ஒளி அதற்கு மேலே குறுக்கே போகும். கை நுழைந்து ஒளியை மறைத்தால், உடனே பிரேக் பிடித்து உருளை நின்றுவிடும்.

மேனேஜர் குழந்தைவேலு நியாயமான மனுஷன். ஒரு மிஷினில் நஞ்சப்பனின் பெட்டி, பக்கத்து மிஷினில் வெளியூரிலிருந்து வாங்கிய பெட்டி என்று இரண்டையும் மாட்டி ஓட்டிப் பார்த்தார். எது நல்லதோ அது எல்லா மிஷினுக்கும் என்று சொல்லியிருந்தார்.

"பொட்டு வெச்சது யாரு?"

"வேற யாரு? எங்க வூட்டுக்காரி ராமாத்தாதான். அவளும் அங்கதானே பஞ்சு போடறா. 'எங்க கையைக் காப்பாத்தற சாமி'ன்னு சந்தனத்தைக் குழைச்சு, குங்குமத்தை அப்பி, கண்ணு பூரா மூடற மாதிரி வெச்சுப்போட்டா. நானும் பூரிச்சுப்போய்ப் பார்த்துட்டுத்தான் நின்னேன்."

"அப்பறம்?"

"தொடைச்சு விட்டதுக்கப்பறம் ஓடுச்சு. அதுக்குள்ள நல்ல நேரம் போயிருச்சு. எல்லாருஞ் சிரிச்சாங்க. 'ஒரு பொட்டைத் தாங்காத பெட்டியை வெச்சுட்டு நான் எப்படி நஞ்சப்பா மில்லு ஓட்டறது'ன்னு மேனேஜரு கேட்டுட்டாரு. நாளைக்குக் கழட்டறாங்க."

மனைவியின் கைக்காகவே செய்த பெட்டி அது. வேலை பார்த்த இடத்திலேயே மானம் கப்பலேறிவிட்டது.

"எல்லாம் உங்களாலதாங்க," என்றார்.

"என்னாலயா?"

"பின்னே? கை மேல பட்டுத் திரும்பற ஒளியைப் பார்த்தா நிக்கற மாதிரித்தானே நான் மொதல்ல கட்டுனேன். வாங்கிட்டு வந்த பெட்டியும் அப்படித்தான். நீங்கதான் வயரைப் பூராப் புடுங்கிப்போட்டு, எதிர் ஓரத்துல இருந்து வர்ற ஒளியைப் பார்த்தாத்தான் ஓடற மாதிரி மாத்திக் கட்டச் சொன்னீங்க. ஏனுங்கன்னு கேட்டேன். டீ குடிங்கன்னு சொன்னீங்க."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"சரி. அந்தக் கடைசி மேசை மேல கட்டிங் பிளேயர் இருக்குது. எடுத்துட்டு வாங்க."

பற்றிக்கொண்டு வந்தது நஞ்சப்பனுக்கு. இருந்தாலும் டீச்சர் சொல்லித் தட்டிப் பழக்கமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். ஜன்னல் இல்லாத நீளமான கடை அது.

பாதி தூரம் போயிருப்பார். பின்னால் தடதடவென்று ஷட்டர் இறங்கியது. கும்மிருட்டு.

நஞ்சப்பன் நின்றுவிட்டார்.

"ஏன் நின்னுட்டீங்க?" இருட்டுக்குள் டீச்சரின் குரல் மட்டும் வந்தது.

"ஒண்ணுமே தெரியலீங்களே!"

"காலுக்கு முன்னால ஏதாவது இருக்குதா?"

"அது எப்படிங்க எனக்குத் தெரியும்?"

"ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கலாம். நடங்க."

"நல்லாச் சொன்னீங்க போங்க! கண்ணு தெரியாம எவனாச்சும் காலை எடுத்து..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஷட்டர் ஏறியது. அவர் காலுக்கு முன்னால் சுத்தமாகப் பெருக்கிய தரைதான் இருந்தது, ஒரு துண்டு வயர்கூட இல்லை.

நஞ்சப்பன் தரையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அது தோத்துப்போகலீங்க டீச்சர்!"

"தோத்துப்போச்சுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"கண்ணை மறைச்சாங்க, நின்னுருச்சு. அதுக்குத் தெரியலை, அதனால நின்னுருச்சு! இதைப் போயி நான்..." அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பெற்ற பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்த மாதிரி இருந்தது. "அப்படின்னா பக்கத்து மிஷினு மட்டும் எப்படிங்க ஓடுச்சு? அதுக்குந்தான் ராமாத்தா பொட்டு வெச்..."

சிரிப்பு அப்படியே வற்றிப்போனது.

பக்கத்து மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெட்டிக் கண்ணில் பொட்டு இருக்கிறது.

"அதுல இன்னைக்கு யாரு பஞ்சு போடறது?" என்றார் டீச்சர். ஸ்கூட்டர் சாவி ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

"ராமாத்தாதாங்க."

பெட்டிகள் வந்த பிறகு அந்தப் பெண்கள் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பஞ்சு அடைத்தால் முன்பெல்லாம் மிஷினைச் சுற்றிக்கொண்டு போய் சுவிட்சை அணைக்க வேண்டும். இப்போது யாரும் சுவிட்சுப் பக்கம் போவதே இல்லை. வாய்க்குள் கையை நீட்டுவார்கள், மிஷின் நிற்கும், அடைப்பை எடுப்பார்கள். பெட்டிக்குப் பயப்படாமல் இவ்வளவு நம்புகிறார்களே என்று நஞ்சப்பனே ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

சைக்கிளிடம் ஓடினார். பூட்டு திறக்கவில்லை.

"அதை விடுங்க. ஏறுங்க!" டீச்சர் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு நின்றார்.

ஒரு பெண் ஓட்ட, மீசை வைத்த ஆள் பின்னால் உட்கார்ந்து போனால் ஊர் என்ன சொல்லும் என்று வேறொரு நாளாக இருந்தால் யோசித்திருப்பார். தாவி ஏறினார். கடை திறந்தபடியே கிடந்தது.

மில் கேட்டில் வாட்ச்மேன் பொரி கடலைப் பொட்டலத்தை நீட்டினார். "பூஜைப் பிரசாதமுங்க, வாங்கிட்டுப் போங்க." நஞ்சப்பன் அவரைத் தள்ளிவிட்டு ஓடினார்.

ப்ளோ ரூமில் காது கொடுக்க முடியாத சத்தம். அந்தக் கோடியில் ராமாத்தாள் நின்றிருந்தாள். மிஷின் வாயில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவள் சுவிட்சைக் காட்டினாள். ராமாத்தாள், எதுக்கு அவ்வளவு தூரம் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள்.

"கையை எடு புள்ளே!"

மிஷின் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை.

கதவோரத் தூணில் எல்லா மிஷினையும் ஒரே அடியாக நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இருந்தது. நஞ்சப்பன் இரண்டு கையாலும் அதன் மேல் விழுந்தார்.

சத்தம் அடங்கியது.

ராமாத்தாளின் கை மணிக்கட்டு வரை மிஷின் வாய்க்குள் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தீங்களா? கையை நீட்டுனேன், கப்புனு நின்னுருச்சு! நீங்க கோவிச்சுக்காதீங்க, வாங்கின பெட்டி வாங்கின பெட்டிதானுங்க."

நஞ்சப்பன் போய் அவள் கையை வெளியே இழுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லா விரலும் இருந்தது. விடவில்லை.

"ஏனுங்க, எல்லாரும் பார்க்கறாங்க," என்று அவள் கூச்சப்பட்டாள்.

"பார்க்கட்டும்."

பொரி மென்றுகொண்டிருந்த மேனேஜர் ஓடி வந்தார். "என்ன நஞ்சப்பா, இதையும் நிறுத்திட்டியா? உனக்கு என்னதான் வேணும்?"

"எல்லாரும் தள்ளி நில்லுங்க," என்றார் நஞ்சப்பன். "மிஷினெல்லாம் மறுபடி ஓட்டுங்க."

பூஜைக்குத் தூணில் கட்டியிருந்த கரும்பில் ஒன்றைப் பிடுங்கினார். உருளை மறுபடி சுழன்று வேகம் பிடித்ததும், எட்ட நின்று, ராமாத்தாள் கை போன அதே வழியில் கரும்பை நீட்டினார்.

வெடுக்கென்று ஒரு இழுப்பு. கரும்பு அவர் கையிலிருந்து பறந்தது. மளமளவென்று சத்தம். சக்கையும் சாறுமாகப் பஞ்சின் மேல் சிதறியது.

உருளை சுழன்றுகொண்டே இருந்தது. பெட்டியின் கண்ணில் சந்தனமும் குங்குமமும் மங்களகரமாக இருந்தன.

மேனேஜரே மிஷினைச் சுற்றிக்கொண்டு போய் அதன் சுவிட்சை அணைத்தார். ராமாத்தாள் சக்கையைப் பார்த்தாள். பிறகு கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு பஞ்சுக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"கெட்டுப்போச்சா இது?" மேனேஜரின் குரல் இறங்கியிருந்தது.

"கெடலீங்க. கையைப் பார்த்தா நிறுத்தும். பார்க்கலை, நிறுத்தலை."

"உன்னுது?"

நஞ்சப்பன் பூஜைத் தட்டை எடுத்துக்கொண்டார். தன் பெட்டி இருந்த மிஷினிடம் போனார். அது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விரலில் சந்தனத்தைத் தொட்டு, வெளியோரத்தில் இருந்த அதன் கண்ணில் தானே ஒரு பொட்டு வைத்தார்.

மிஷின் நின்றது.

துடைத்துவிட்டு ஓட்டினார். ஓடியது. மறுபடி பொட்டு வைத்தார். நின்றது.

காலையில் சிரித்த அதே கூட்டம்தான். இப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை. ராமாத்தாள் எழுந்து வந்தாள். தட்டை அவர் கையிலிருந்து வாங்கி, பொட்டைத் துடைத்து, மிஷினைத் தானே ஓட்டிவிட்டாள். பிறகு காலையில் வைத்ததைவிடப் பெரிதாகச் சந்தனத்தை அள்ளி அப்பினாள்.

நின்றது!

ப்ளோ ரூமே அதிர்ந்தது. பெண்கள் கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். ஒருத்தி பூஜை மாலையை எடுத்து நஞ்சப்பன் கழுத்தில் போட்டாள். மில் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படி ஒரு சந்தோஷத்தை அனுபவித்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஞ்சுத் தூசி என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

"எல்லா மிஷினுக்கும் நஞ்சப்பன் பெட்டிதான்!" என்றார் மேனேஜர். "அதுவரைக்கும் அந்த மிஷினு ஓட வேண்டாம். காலையில சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கறேன், நஞ்சப்பா."

அப்புறம் கொஞ்சம் யோசித்தார். மேனேஜர் அல்லவா?

"ஒண்ணு பண்ணலாம். அடுத்த பூஜையில பெட்டிக் கண்ணுல மட்டும் யாரும் பொட்டு வெக்கக் கூடாதுன்னு பெருசா ஒரு போர்டு எழுதி மாட்டிடலாம். என்னங்க டீச்சர், சரிதானே?"

கதவோரம் நின்றிருந்த எஸ்தர் டீச்சர் முகவாயால் நஞ்சப்பனைக் காட்டினார்.

"போர்டெல்லாம் வேண்டாமுங்க," என்றார் நஞ்சப்பன். "வெக்கட்டும்."