வேப்பமரத்தடி முட்டை

முதல் அநியாயம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கொடுக்காதவர்களின் பெயரை வேதக்கோவில் கமிட்டி சுவரில் ஒட்டியது. அடுத்து, அவர்களை அசனம் என்னும் சபை விருந்துப் பந்தியில் கடைசி வரிசைக்குத் தள்ளியது. மூன்றாவது, பாக்கி உள்ளவர் கையிலிருந்து காணிக்கை வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டது. போன வாரம் போட்ட நான்காவதுதான் கொடுமை: பாக்கி தீராத வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாண ஓலை வாசிப்பதில்லை. மூன்று ஞாயிறு சபை முன் பெயர் வாசிக்காமல் அந்தக் கோவிலில் தாலி ஏறாது.

நான்கையும் எதிர்த்து நோட்டீஸ் அடித்துக் கமிட்டியிலிருந்து விரட்டப்பட்டவர் ஏசுவடியான். ஞானக்குடியிருப்பில் அவர் போடாத சண்டை இல்லை. ஜெயித்த சண்டையும் இல்லை. "மனசாரக் கொடுத்தால் காணிக்கை, மிரட்டி வாங்கினால் வரி" என்பார். அதை நம்பித்தான் பீடி சுற்றிப் பிழைக்கும் தங்கபுஷ்பம் தசமபாகத்தை நிறுத்தினாள். அவள் மகள் ரத்தினகனிக்குப் புதன்கிழமை கல்யாணம். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது இந்த ஞாயிறு மாலை ஆராதனையில் வாசிக்க வேண்டும். தன் பேச்சால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற கவலை ஏசுவடியானுக்கு.

அன்று அறுப்பின் பண்டிகை. விளைந்ததை எல்லாம் மேசையில் வைத்து, போதகர் ஜெபித்து, பிறகு ஏலம் விடுவார்கள். தங்கபுஷ்பம் ஒரு சிவப்புக் கோழியோடு வந்தாள்.

பொருளாளர் சற்குணம் கையை நீட்டித் தடுத்தார். "மேசைல வைக்காத! போதகர் ஐயா, இதுக்கு ஜெபம் வேண்டாம். இது காணிக்கை இல்ல. அந்த வேப்பமரத்துல கட்டு. வித்த பிறகு பாக்கியில கழிச்சுக்கிடுவோம்."

ஏலம் சூடு பிடித்தது. ஒரு பூசணிக்காய்க்கு இரண்டு சம்பந்திகள் மல்லுக்கு நின்றார்கள். கோழியின் முறை வந்ததும் சோடாக்கடை மாசிலாமணி கத்தி விலை கேட்டார்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்று கூவினார் ஏலம் விடுபவர்.

கோழி கொக்கரித்தது. கூட்டமே திரும்பிப் பார்த்தது. மரத்தடியில் சூடாக ஒரு முட்டை!

"கோழி எனக்கு, முட்டையும் எனக்கு" என்று பாய்ந்தார் மாசிலாமணி.

"கோவில் வளாகத்துல இட்டது கோவிலுக்கு" என்றார் சற்குணம்.

"நான் கோழியத்தானே கொண்டாந்தேன்? முட்டை என்னுது" என்றாள் தங்கபுஷ்பம்.

"அதுல பத்துல ஒண்ணு எப்படிப் பிரிப்பீக? மஞ்சளா, வெள்ளையா?" என்று ஒரு குரல். பந்தலே குலுங்கியது.

ஏசுவடியான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் மரத்துக்கும் மேசைக்குமாக ஓடியது. பிடி கிடைத்துவிட்டது!

படிப்பவர்களே, எல்லாம் உங்கள் முன்னால்தான் நடந்தது. மூவரில் யார் கேட்டது நியாயம்? முட்டை யாருக்கு?

விடை: தங்கபுஷ்பத்துக்கே. மூன்றாம் தரம் கூறவில்லை. ஆகவே கோழி மாசிலாமணியுடையது ஆகவில்லை. காணிக்கை இல்லை என்று பொருளாளரே தள்ளியதால் கோவிலுடையதும் ஆகவில்லை. ஏசுவடியான் இதை உரக்கச் சொல்ல, கூட்டம் கைதட்டியது. தங்கபுஷ்பமோ முட்டையை எடுத்துக்கொண்டு நேரே மேசைக்கு நடந்தாள். "குடுக்காத தாயி!" என்று அவர் அலறினார். "அண்ணாச்சி, கேட்டப்போதான் குடுக்கல. இது நானாக் குடுக்குறது" என்றாள் அவள். போதகர் இரு கையாலும் வாங்கி, கண்மூடி ஜெபித்தார். ஏசுவடியான் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார். "மூணாம் தீர்மானம்! பாக்கி உள்ளவங்க கையால காணிக்கை வாங்கக் கூடாதுல்லா? ஐயா வாங்கிட்டாரு! அப்போ பாக்கி ஏது?" சற்குணம் தீர்மான நோட்டை அவசரமாகப் புரட்டினார். மாலையில் கோவில் நிரம்பி வழிந்தது. போதகர் எழுந்தார். முன்வரிசையில் முதல் தடவையாக உட்கார்ந்திருந்த ஏசுவடியானை ஒரு கணம் பார்த்தார். பிறகு சபையார் அனைவரும் சாட்சியாக, நிறுத்தி நிதானமாக வாசித்தார்: "மூன்றாம் முறை. தங்கபுஷ்பத்தின் மகள், ரத்தினகனி."