ஒற்றை முருங்கைக்காய் ஏலம்

“எவனோ ஒரு பாவி என் புத்தகத்தை ஒன்பது மாதமாக அடைகாக்கிறான், ஐயா. பொரிக்கவும் மாட்டேன் என்கிறான், எழுந்திரிக்கவும் மாட்டேன் என்கிறான்.”

பெர்சியாள் இப்படிச் சொன்னபோது பேராசிரியர் அருமைநாயகம் கோயில் பந்தலில் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அன்று தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை; காணிக்கையாக வந்த காய்கனிகளை ஏலம் விடும் நாள். பக்கத்து நாற்காலியில் இன்னொரு டம்ளரோடு தானியேல்.

இருவரும் இறையியல் கல்லூரியில் அவருடைய மாணவர்கள். மதம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் சேர்த்து உழக் கற்றவர்கள். இப்போது இருவருமே வாத்தியார்கள். தானியேலுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது.

“பதிப்பகத்தார் மதிப்பிட யாரிடம் கொடுத்தார்கள்?” என்றார் அருமைநாயகம்.

“பேரைச் சொல்ல மாட்டார்களாம். இந்த மாதத்துக்குள் புத்தகம் வரவில்லை என்றால் என் வேலை போகும். அவனுக்கு என்ன, தின்றுவிட்டுத் தூங்குவான்.”

பாட்டுக் குழுவிலிருந்து யாரோ கூப்பிட, அவள் எழுந்து போனாள்.

அந்த எவனோ தானியேல்தான். பிரதி அவன் வீட்டுப் பீரோவில், கம்பளிக்கு அடியில் கிடந்தது.

ஒரே மூச்சில் படித்திருந்தான். இருபது வருஷம் அவன் சொல்லத் திணறியதை அவள் மூன்றாம் அத்தியாயத்தில் போகிறபோக்கில் சொல்லியிருந்தாள்: கோயில் ஏலத்தில் விலையை ஏற்றுவது பக்தி அல்ல, பக்கத்தில் நிற்கிறவன். தானியேலின் புத்தகமோ ஏலத்தைக் காணிக்கையின் சிகரம் என்றது.

வயிறு எரிந்தது. சந்தையில் பொறாமைப்படுகிறவன் வாய்விட்டு வைவான். படித்தவன் ஓரத்தில் குறிப்பு எழுதுவான். ‘ஆதாரம் போதாது’ என்று பென்சிலால் எழுதிப் பீரோவைப் பூட்டினான்.

“மூன்றாம் அத்தியாயம்தான் இடித்திருக்கும், ஐயா,” என்றான் இப்போது. “ஆதாரம் பலவீனம்.”

“எனக்கே அவள் இன்னும் எதையும் காட்டலையே, டே.”

டீ அவன் நாக்கைப் பொசுக்கியது.

அருமைநாயகம் டம்ளரை வைத்துவிட்டு அவனை ஒருமுறை பார்த்தார். எழுந்தார். கோயில் மதில் ஓரத்து முருங்கையில் ஒரு காயை ஒடித்தார். பெர்சியாளின் காதில் என்னவோ சொன்னார். காயை, ஏலம் விட்டுக்கொண்டிருந்த கோயில் ஊழியரான கோயில்பிள்ளையிடம் கொடுத்தார்.

“பேராசிரியர் ஐயா கையால் ஒடித்த காய். விலை கேளுங்க.”

“ஐம்பது,” என்றாள் பெர்சியாள்.

ஐயா கைபட்ட காய் அவளுக்கா?

“நூறு,” என்றான் தானியேல்.

“இருநூறு.”

ஏலம் தெரிந்தவன் முகத்தைக் காட்ட மாட்டான். தானியேலுக்கு ஏலத்தைப் பற்றி எழுதத்தான் தெரியும். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அவன் சிரிக்கவில்லை.

ஆயிரம். இரண்டாயிரம். சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள்.

“என்ன அண்ணன், சாம்பாரில் தங்கமா போடப்போறீங்க?” என்றாள் பெர்சியாள். “நாலாயிரம்.”

“ஐயாயிரம்.”

அவள் நிறுத்திக்கொண்டாள்.

ஒரு தரம். இரண்டு தரம். மூன்று தரம்.

கூட்டம் கைதட்டியது. தானியேல் ஜெயித்த மிதப்பில் காயை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான். கிட்டத்தில் பார்த்தால் முற்றல். குழம்புக்கு ஆகாது.

“எதுக்குடே இத்தனை?” என்றார் அருமைநாயகம்.

“காணிக்கை, ஐயா.”

“நல்லது. அவள் கேட்காமல் இருந்திருந்தால்?”

தானியேல் கையிலிருந்த காயைப் பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: “ஐம்பதுக்குக்கூடக் கேட்டிருக்க மாட்டேன்.”

பாட்டுக் குழு அடுத்த கீர்த்தனையைத் தொடங்கியது. பெர்சியாள் முன்வரிசையில் நின்று பாடினாள். விலையை ஏற்று என்று ஐயா காதில் சொன்னது தவிர அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

“அவளிடம் நான் வாய் திறக்கப்போறதில்லை,” என்றார் அருமைநாயகம். “ஆனா அந்தப் பாவியை உனக்குத் தெரியும். போய்ச் சொல்லு. நாளைக்குக் கல்லூரி மணி அடிக்கிறதுக்கு முன்னே கையெழுத்தைப் போட்டு அவள் புத்தகத்தை வெளியே விடச் சொல்லு.”