இருபத்திரண்டு புள்ளி நான்கு

"என் பேரை அடிச்சிடுங்க கோச்" என்றான் செபஸ்தியான். "ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்கு நான் வரல. இனிமே எதுக்கும் வரல."

அருள்மொழி மைதானத்து ஓரத்தில் பயிற்சி வலையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவனைவிட ஆறு வயது இளையவள். ஆனால் அந்த கிரிக்கெட் கிளப்பில் மட்டை பிடிக்கிற அத்தனை பேருக்கும் அவள் சொன்னால் சொன்னதுதான்.

"ஏன் அண்ணே?"

அவன் ஒரு தாளை நீட்டினான். மாவட்ட லீக்கின் பதினாலு வருஷ பேட்டிங் பட்டியல். செபஸ்தியானின் சராசரி 22.4.

அடியில், லீக்கில் ஆடிய எல்லோருக்கும் சேர்த்துச் சராசரி போட்டிருந்தார்கள். அதுவும் 22.4.

"கல்யாணத்தன்னைக்குக்கூட காலைல வந்து பேட்டிங் பண்ணிட்டுத்தான் தாலி கட்டப் போனேன் கோச். மட்டமா ஆடியிருந்தா எப்பவோ விட்டிருப்பேன். நல்லா ஆடியிருந்தா சொல்லிக்கவாவது ஆகும். இது என்ன? நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."



அருள்மொழி பட்டியலின் கடைசிப் பெயரில் விரல் வைத்தாள்.

பஞ்சாட்சரம், லால்குடி. 6.1.

"இவரைப் பார்த்துட்டு வாங்க. அப்புறம் பேரை அடிக்கறேன்."

"பார்த்து என்ன கேக்கணும்?"

அவள் கயிற்றை இறுக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் செபஸ்தியான் பஸ் ஏறினான். பஞ்சாட்சரம் லால்குடியில் பேக்கரி மாஸ்டர். கடைக்குப் பின்னால் காலில் பேடு கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நல்ல தொப்பை.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தாளை நீட்டினான்.

மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு அவர் வாங்கிப் படித்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"ஆறு புள்ளி ஒண்ணா! அஞ்சுகூடத் தேறாதுன்னுல்ல நெனச்சேன்!"

"அது... கடைசி இடம் சார்."

"பரவால்ல, பேரை எழுத்துப் பிழை இல்லாமப் போட்டிருக்காங்க. நீங்க பேட்டிங் பண்ணுவீங்களா? இன்னைக்கு எங்களுக்கு ஒரு ஆள் குறையுது."

பக்கத்து ஊர்க்காரர்களோடு சும்மா ஒரு ஆட்டம். எந்தப் பட்டியலிலும் ஏறாது. மறுக்க வாய் வராமல் செபஸ்தியான் ஆட இறங்கினான்.

ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும், எதிர்முனைக்கு மூச்சிரைக்க வந்து நின்றார் பஞ்சாட்சரம்.

"எப்படி ஆடலாம் சார்?" என்று செபஸ்தியான் கேட்டான்.

"நான் கண்ணை மூடிக்கிட்டுச் சுத்துவேன். நீங்க ஓடுங்க."

மறுநாள் காலை அவன் மைதானத்துக்கு வந்தபோது அருள்மொழி ஆடுகளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனீங்களா?"

"போனேன் கோச்! மனுஷன் பதினேழு அடிச்சார்! வாழ்க்கையிலயே அதுதான் ஜாஸ்தியாம். ஒரு பந்து மட்டைல பட்டுச்சா, தொப்பைல பட்டுச்சான்னே தெரியல, பவுண்டரி போயிடுச்சு! ரெண்டு ரன் ஓடச் சொல்லிக் கத்தறேன், பாதி பிட்ச்சுல நின்னு சிரிச்சுக்கிட்டிருக்கார். கடைசிப் பந்துல ஜெயிச்சோம். அவரைத் தூக்கலாம்னு நாலு பேரு போனோம், முடியல. நாலு பேரும் கீழே விழுந்துட்டோம். ஆளுக்கு ஒரு பன்னு கொடுத்தார் கோச், அடுப்புலேருந்து அப்படியே..."

"நீங்க எத்தனை அடிச்சீங்க?"

செபஸ்தியான் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டான். மறுபடி முதலிலிருந்து போட்டான். தான் அடித்தது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, மைதானமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

அருள்மொழி அவன் கையில் மட்டையைக் கொடுத்துவிட்டு, புதுப் பந்தொன்றை எடுத்துக்கொண்டு பந்துவீசும் முனைக்கு நடந்தாள்.