கேட்டில் தொங்கிய பலகை

எண்ணெய்க் கிணற்றில் பதினெட்டு வருடமாக ஒப்பந்தக் கூலியாய் இருக்கும் பக்கிரிசாமிக்கு நிரந்தரமானது தலைக்கவசம் ஒன்றுதான். எண்ணெய் ஊறிவரும் மணற்பாறையின் அடைப்பைக் கரைக்க அவன்தான் பம்பு வைத்து அமிலம் இறக்கினான். ஆழத்தில் பாறை கொதிக்கிற சூடு. அமிலம் பாறைக்குள் ஊடுருவுமுன் கிணற்றோரத்திலேயே தீர்ந்துபோனது. எண்ணெய் வரவில்லை.

அந்தச் சூட்டுக்கு ஒத்துவராத அமிலத்தைத் தேர்ந்தெடுத்தவர் பெரிய பொறியாளர் சேஷகிரி. அதிகாரி தவறினால் பழி கூலியின் தலையில் விழும். எழுதாத சட்டம் அது.

மறுநாள் காலை, கிணற்றில் இறக்கும் அமிலத்தால் வயல் கருகுகிறதென்று ஊரே கேட்டில் திரண்டு நின்றபோது சேஷகிரி கத்தினார்: "டேய், அமிலத்துக்குப் பதிலா தண்ணியத்தானே விட்ட? இல்லேன்னு நிரூபி. முடியாட்டி கேட் பாஸைக் கொடுத்துட்டு வெளியே போ!"

கிணற்றுக்குள் போனதை யார் எடுத்துக் காட்ட முடியும்?

பக்கிரிசாமி தலையைச் சொறிந்தபடி கேட்டில் தொங்கிய பலகையைக் காட்டினான். "ஒரே குழப்பமா இருக்கு சார். நீங்க கையெழுத்துப் போட்டு மாட்டின இந்தப் பலகையில, 'இங்கே அமிலம் கிடையாது, தண்ணீர் மட்டுமே இறக்குகிறோம்'னு இருக்கு. அப்ப தண்ணி விட்டா தப்பா சார்?"

"முட்டாள்! அது ஊர்க்காரங்களுக்காக எழுதினது. நேத்து மூணு டேங்கரும் நானே பக்கத்துல நின்னு இறக்க வச்சது அமிலம்தான்!"

"அப்ப நான் நிரூபிக்க வேண்டியதில்லையே சார்?"

சேஷகிரி ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். "தண்ணி... இல்ல, அமிலம்... அதாவது..."

"எதுய்யா?" என்றாள் கூட்டத்தில் நின்ற அஞ்சம்மாள், கருகிய நாற்றைக் கையில் பிடித்தபடி.

ஊரே அந்தப் பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்தது. பக்கிரிசாமி பாஸைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு பம்படிக்குப் போனான்.